எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் நோயன்று

(பெற்றோர்களுக்காக நம் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சிலருக்கு வியப்பை அளிக்கக்கூடும். சிறு குழந்தைகளின் எலும்புகளைப் பற்றியும், எக்ஸ்ரே படத்தில் அவை தோன்றும் விதத்தைப் பற்றியும் பேசவிருக்கிறோம். இமாமுக்கும் எக்ஸ்ரேக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொழுகை முடிந்து மக்கள் கலையும் வேளையில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் எக்ஸ்ரே உறையுமாகப் பள்ளியின் வாசலில் நிற்கும் பெற்றோரை நீங்களும் பார்க்கிறீர்கள். துஆ கேட்டு வருபவர்களும் உண்டு, மருத்துவச் செலவுக்காக ஜமாஅத்தின் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவர்களும் உண்டு. “எலும்பில் ஏதோ இருக்கிறதாம், ஹஜ்ரத்” என்று சொல்லும்போதே அவர்களுடைய குரல் உடைந்துவிடுகிறது. அந்த “ஏதோ” என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்தின் உறக்கத்தையும் சேமிப்பையும் ஒருசேரப் பறித்துவிடுகிறது. ஆகவேதான் இதைப் பேச வேண்டியதாயிற்று.

நாம் மருத்துவர் அல்லர். எந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையும் அன்று. மருத்துவ உலகில் உறுதிப்பட்ட செய்திகளை எளிய தமிழில் எடுத்துரைத்து, மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று விளக்குவதே நம் நோக்கம்.

குழந்தையின் எலும்பு வேறு, பெரியவரின் எலும்பு வேறு

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். சதையை ஊடுருவிச் செல்லும் அக்கதிர்கள், சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பில் பெருமளவு தடுக்கப்படுகின்றன. அதனால் படத்தில் எலும்பு வெள்ளையாகவும் மற்றவை கருமையாகவும் தெரிகின்றன. இக்கண்டுபிடிப்புக்காக 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நம் சென்னையிலும் 1934ஆம் ஆண்டிலேயே, கேப்டன் பர்னார்டு என்பவரின் பெயரால் கதிரியக்க மருத்துவ நிலையம் ஒன்று அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் தொடங்கப்பெற்று, இன்றளவும் இயங்கி வருகிறது.

குழந்தையின் படத்தைப் பார்க்கும்போது முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிறந்த குழந்தையின் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. முழங்காலில் உள்ள சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3 வயதிலிருந்து 6 வயதுக்குள்தான் அது எலும்பாக மாறிப் படத்தில் தெரியத் தொடங்கும். ஒரு வயதுக் குழந்தையின் முழங்கால் படத்தில் சில்லு இல்லையே என்று கலங்குவது வீண். மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது பொதுவாக அவற்றில் ஒன்றுகூடப் படத்தில் தெரியாது. சில மாதங்களில் இரண்டு தோன்றும். கடைசி எலும்பு தோன்ற ஏறக்குறைய 10 வயதாகும்.

வளரும் எலும்பின் முனைக்கு அருகில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்துப் பகுதி உள்ளது. படத்தில் அது ஒரு கரிய கோடாகத் தெரியும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது எலும்பு முறிந்த கோடு போலவே தோன்றும். முழங்கையில் 6 இடங்களில், ஏறத்தாழ 1 வயது முதல் 11 வயது வரை, ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய எலும்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றின் வரிசையை அறியாதவர், உடைந்து விலகிய துண்டு என்று அவற்றை எண்ணிவிடக்கூடும். எலும்பினுள் இரத்தக் குழாய் நுழையும் வழியும், மண்டையோட்டின் தையல் கோடுகளும் இவ்வாறே விரிசல் போன்ற தோற்றம் தருவதுண்டு.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஓர் உவமை சொன்னால் இது விளங்கும். ஹரகத் இடப்படாத அரபு நூலைப் புதிதாக ஓதத் தொடங்கிய மாணவரிடம் கொடுத்தால் தடுமாறுவார். ஒரு சொல்லை வேறொன்றாக வாசித்துவிடுவார். எழுத்தில் பிழையில்லை. அதை வாசிக்கும் பயிற்சி அவரிடம் இன்னும் வரவில்லை, அவ்வளவே. குழந்தையின் எக்ஸ்ரேயும் அத்தகைய நூல்தான். குழந்தையின் வயதையும் வளர்ச்சியின் ஒழுங்கையும் அறிந்தவரே அதைச் சரியாக வாசிக்க முடியும்.

அச்சுறுத்தும் தோற்றமும் தீங்கற்ற இயல்பும்

இனி, படத்தில் நோய் போலத் தோன்றித் தீங்கு செய்யாத சிலவற்றைக் காண்போம்.

ஒன்று: பிறந்த சில வாரங்கள் முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தைகள் சிலருக்குத் தொடை, கீழ்க்கால், மேற்கை எலும்புகளின் ஓரத்தில் மெல்லிய இரண்டாவது வெள்ளைக் கோடு தெரியும். எலும்பைச் சுற்றியுள்ள உறை வேகமாகப் புது எலும்பை உண்டாக்குவதால் ஏற்படும் தோற்றம் அது. இரு பக்கங்களிலும் ஒரே மாதிரியாக, மெல்லியதாக, குழந்தைக்கு வலியோ காய்ச்சலோ இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் அது வளர்ச்சியின் அடையாளமே. தானாகவே மறைந்துவிடும்.

இரண்டு: சில குழந்தைகளுக்குப் பிரசவத்தின்போது மண்டையோட்டு எலும்புக்கும் அதன் உறைக்கும் இடையே இரத்தம் கட்டித் தலையில் புடைப்பு உண்டாகும். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், அது வடிந்துவிடும். சிலருக்கு ஓரங்களில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகும். அப்போது படமெடுத்தால் எலும்பில் கட்டி போலத் தோன்றும். எலும்பு வளர வளர அதுவும் பெரும்பாலும் சமனாகிவிடும். குளிப்பாட்டும் மூதாட்டிகள் அப்புடைப்பை எண்ணெய் தேய்த்து அழுத்தியும் உருட்டியும் கரைக்க முயல வேண்டாம். ஊசியால் குத்தி எடுக்கவும் இசைய வேண்டாம். அதனால் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு.

மூன்று: விளையாடி விழுந்த பிள்ளைக்கு எடுத்த படத்தில், முழங்காலுக்கு அருகே எலும்பின் ஓரத்தில் வெள்ளை விளிம்புடன் கூடிய சிறு கருமையான இடம் தற்செயலாகத் தெரிய வரும். அறிக்கையில் “நான்-ஆசிஃபையிங் ஃபைப்ரோமா” என்று எழுதியிருப்பார்கள். “ஓமா” என்று முடியும் சொல்லைக் கண்டதும் புற்றுநோய் என்று நடுங்குகிறவர்கள் உண்டு. இது புற்றுநோயன்று. வளரும் பிள்ளைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. பெரியவர்களாகும்போது எலும்பு தானே நிரம்பிவிடும். மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் எலும்பு முறியாமல் காப்பதற்காக மருத்துவர் கண்காணிப்பார்.

நான்கு: ஆஸ்டியோபாய்கிலோசிஸ் என்னும் அரிய நிலை. ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்குக் காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறும். மூட்டுகளுக்கு அருகில் அரிசி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அறியாதவர் புற்றுநோய் எலும்பெங்கும் பரவிவிட்டதாக அஞ்சக்கூடும். இது குடும்ப வழியில் வருவது. இதற்குக் காரணமான மரபணு 2004இல் அறியப்பட்டது. பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் துன்பமும் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை.

ஐந்து: அரியதன்று எனினும் பெற்றோரை மிகவும் வருத்துவது கால் வளைவு. 2 வயது வரை கால்கள் வெளிப்புறம் வில்லாக வளைந்திருப்பதும், 3, 4 வயதில் முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டுவதும், 7, 8 வயதுக்குள் நேராவதும் வளர்ச்சியின் இயல்பான பாதை. ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, 2 வயதுக்குப் பின்னும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ, குழந்தை வளர்த்தியின்றிக் குட்டையாக இருந்தாலோ கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயில் எலும்பின் முனைகள் கிண்ணம் போல் குழிந்து, ஓரம் பிசிறடித்துத் தெரியும். வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரிலும் அந்நோய் உண்டு. எனவே கைக்குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்தை “குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது” என்று நிறுத்திவிட வேண்டாம்.

காஃபி கண்டறிந்த அரிய நோய்

எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட அதே 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் காஃபி என்பவர் பிறந்தார். குழந்தை மருத்துவரான அவர், நியூயார்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் எக்ஸ்ரே படங்களை ஆராய்வதையே தம் வாழ்நாள் பணியாக ஏற்றார். 1945இல் அவரும் வில்லியம் சில்வர்மன் என்னும் மருத்துவரும் சேர்ந்து ஒரு புதிய நோயை விவரித்தனர். இன்று அது காஃபி நோய் என்றே அழைக்கப்படுகிறது.

பொதுவாக ஐந்தாறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு இது வரும். திடீரெனத் தாடை வீங்கும். காய்ச்சல் அடிக்கும். தொட்டாலே குழந்தை வீறிட்டு அழும். காறை எலும்பு, விலா, கை கால் எலும்புகளிலும் வீக்கம் வரலாம். படத்தில் எலும்பு வழக்கத்தைவிடப் பருமனாக, மேலே புது எலும்பு அடுக்கடுக்காகப் படிந்து தெரியும். இரத்தப் பரிசோதனையும் சீழ் பிடித்தது போன்ற முடிவையே காட்டக்கூடும். எலும்பில் சீழ் என்று எண்ணி வாரக்கணக்கில் ஊசி போடுவதும், புற்றுநோய் என்று ஐயுற்று எலும்பை வெட்டிச் சோதிப்பதும் இதனால் நேர்கின்றன. ஆனால் இந்நோய் பெரும்பாலும் சில மாதங்களில் தானே தணிந்து, 2 வயதுக்குள் எலும்பும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். வலியைத் தணிக்கும் மருந்தும் பொறுமையான கண்காணிப்புமே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். சிலருக்குப் பின்னர் மீண்டும் வருவதுண்டு. கருவிலேயே தொடங்கும் கடுமையான வகை ஒன்றும் உண்டு; அது இதனின்றும் வேறுபட்டது.

பல குடும்பங்களில் இந்நோய்க்கு ஒரே மரபணு மாற்றம் காரணம் என்று 2005இல் தெரிய வந்தது. ஆகவே தாய் தந்தையரிடம் “உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் சிறு வயதில் இப்படித் தாடை வீங்கியதா?” என்று மருத்துவர் கேட்டால், நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அந்த ஒரு பதில் குழந்தையை அறுவைச் சிகிச்சையிலிருந்து காப்பாற்றக்கூடும். பிறவி இதயக் கோளாறுக்காகப் புரோஸ்டகிளாண்டின் மருந்து நீண்ட நாள் செலுத்தப்பட்ட குழந்தைகளுக்கும் இதைப் போன்ற மாற்றம் எலும்பில் வரும். எனவே பழைய மருத்துவச் சீட்டுகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

இயல்பை அறியாததால் விளைந்த பெருங்கேடு

“நோயில்லாவிட்டாலும் சிகிச்சை செய்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?” என்று சிலர் கேட்பதுண்டு. வரலாறு அதற்கு விடை சொல்லியிருக்கிறது.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி உண்டு. கைக்குழந்தைகளுக்கு அது பெரிதாகவே இருக்கும். நெஞ்சுப் படத்தில் நன்றாகத் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அச்சுரப்பி பெரிதாக இருப்பதே குழந்தைகளின் திடீர் மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவர்கள் பலர் நம்பினர். அதைச் சுருக்குவதற்காக, நோயற்ற குழந்தைகள் ஆயிரக்கணக்கானோரின் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர்வீச்சு செலுத்தினர்.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது? பிணப் பரிசோதனைக்கு வந்தவை பெரும்பாலும் நெடுநாள் நோயிலும் வறுமையிலும் வாடி இறந்தவர்களின் உடல்கள். அத்தகையோருக்குத் தைமஸ் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே மருத்துவ உலகம் இயல்பென்று கொண்டது. அதன் பிறகு, நல்ல உடல்நிலையில் இருந்து திடீரென இறந்த குழந்தையின் இயல்பான சுரப்பி “வீங்கியதாக”த் தோன்றிற்று. இக்கருத்துக்கு ஆதாரமில்லை என்று 1945இல் வெளிவந்த தம் நூலில் காஃபி மறுத்துரைத்தார். இவ்வாறு கதிர்வீச்சுப் பெற்ற குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வருவதை 1950ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். இல்லாத நோய்க்குச் செய்த சிகிச்சை, இருக்கும் நோயாகவே முடிந்தது. இயல்பு எது என்று அறிவதும் மருத்துவத்தின் பாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவசரப்பட்டுப் பழி சுமத்த வேண்டாம்

மற்றொரு கேடும் உண்டு. அது நம் வீடுகளுக்குள் நிகழ்வது. “குழந்தையின் எலும்பில் மாற்றம் தெரிகிறது” என்று சொன்ன மறுகணமே, “யார் போட்டது? யார் அடித்தது?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. மருமகளை மாமியாரும், மாமியாரை மருமகளும், வீட்டு வேலைக்கு வரும் ஏழைப் பெண்ணை இருவரும் ஐயுறுகின்றனர். காஃபி நோயையும், நாம் முன்னர் கூறிய இயல்பான இரட்டைக் கோட்டையும் கண்டு, அடிபட்ட காயம் என்று தவறாக எண்ணிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கேள்விப்பட்டதைத் தீர விசாரித்து அறியாமல் எவர் மீதும் பழி கூறலாகாது என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். எக்ஸ்ரே விஷயத்திலும் அதுவே சட்டம்.

அதே வேளையில் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நாம் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். தலைக்குள் இரத்தக் கசிவுள்ள சில கைக்குழந்தைகளுக்குக் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதை 1946இல் எடுத்துக்காட்டியவரும் இதே காஃபிதான். 1962இல் கெம்ப் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், குழந்தைகள் வீட்டிலேயே கொடுமைக்கு ஆளாவதை உலகறியச் செய்தனர். ஆகவே, இன்னும் நடக்காத குழந்தைக்கு எலும்பு முறிந்திருந்தால், “குடும்ப மானம்” என்று மூடி மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவர் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் கேட்பது வாய் பேச இயலாத குழந்தையின் சார்பாக. ஆராய்ந்தால் எளிதில் முறியும் எலும்பு நோயாகவும் இருக்கலாம், வேறொன்றாகவும் இருக்கலாம். குற்றமற்றவரைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் முறையான விசாரணையே.

சுர்மா பற்றி ஒரு சொல்

நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு செய்தியையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். 2 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளின் முழங்கால் படத்தில் எலும்பு முனையருகே அடர்ந்த வெள்ளைப் பட்டை தெரிவதுண்டு. பல குழந்தைகளுக்கு அது இயல்பானதே. ஆனால் உடலில் ஈயம் சேர்ந்தாலும் அத்தகைய பட்டை தோன்றும். கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் பலவற்றில் ஈயம் மிகுந்திருப்பது பல நாடுகளின் சோதனைகளில் தெரிய வந்துள்ளது. இட்ட கண்ணைக் குழந்தை கசக்கிவிட்டு அதே விரலை வாயில் வைக்கிறது. ஈயம் வயிற்றுக்குள் செல்கிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே, எதனால் செய்யப்பட்டது என்று தெரியாத சுர்மாவைக் குழந்தையின் கண்ணில் இட வேண்டாம். படத்தில் வெள்ளைப் பட்டை தெரிந்தால், வீட்டில் சுர்மா இடும் வழக்கத்தை மருத்துவரிடம் கூறுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லிவிடும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, படத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். குழந்தை நன்றாகப் பாலருந்துகிறதா, கை கால்களை அசைக்கிறதா, எடை கூடுகிறதா என்பவையும் சேர்ந்தே விடை தரும்.

இரண்டாவதாக, எக்ஸ்ரே படத்தையும் அறிக்கையையும் பத்திரமாக வையுங்கள். இடம் மாறும்தோறும் புதுப் படம் எடுக்க வேண்டியதில்லை. கல்பாக்கம் நம் கடற்கரையிலேயே இருப்பதால் கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர் அஞ்சுவதுண்டு. கை கால் எக்ஸ்ரே ஒன்றினால் சேரும் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஒரு நாளில் நாம் பெறுவதைக் காட்டிலும் குறைவு. தேவையானபோது அதற்கு அஞ்ச வேண்டாம். சி.டி. ஸ்கேன் அவ்வாறன்று, அதன் அளவு பன்மடங்கு. “இது கட்டாயம் தேவையா?” என்று பணிவுடன் கேளுங்கள். படமெடுக்கும்போது கருவுற்ற தாய் குழந்தையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவதாக, எலும்பை வெட்டிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டால், அவசரநிலை இல்லாதபோது, குழந்தைகளின் படங்களை வாசிப்பதில் தேர்ந்த ஒருவரின் கருத்தையும் பெறுங்கள். கதிரியக்க மருத்துவர்களிடம் “தொடாமல் விட வேண்டியவை” என்றே ஒரு பட்டியல் உண்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. வீட்டை அடகு வைக்கும் முன் அங்குச் சென்று கேட்பதில் இழுக்கில்லை.

நான்காவதாக, வீங்கிய கை கால்களுக்கு நாட்டுக் கட்டு இறுகப் போடாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் நல்ல கையும் கெடும்.

ஐந்தாவதாக, காத்திருக்கக் கூடாத அறிகுறிகளை மனத்தில் நிறுத்துங்கள்: இரவில் குழந்தையை எழுப்பிவிடும் வலி, காய்ச்சலுடன் கூடிய வீக்கம், ஒரு கையையோ காலையோ அசைக்க மறுத்தல், நாளுக்கு நாள் பெருகும் கட்டி, காரணமின்றி நொண்டுதல், எடை குறைதல், உடல் வெளுத்தல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் “தானாகச் சரியாகிவிடும்” என்று இருந்துவிடாதீர்கள். எலும்பில் உண்மையாகவே சீழ் பிடித்திருந்தால் ஒவ்வொரு நாளும் மதிப்புள்ளது. தீங்கற்றது என்று சொல்லும் உரிமை, நேரில் சோதித்த மருத்துவருக்கே உண்டு. அண்டை வீட்டாருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

அன்பிற்குரியவர்களே! ஜமாஅத்தின் உதவி நிதி உங்கள் உழைப்பின் ஒரு பங்கு. உண்மையாக நோயுற்ற குழந்தைக்கு அது முழுமையாகச் சென்று சேர வேண்டுமானால், நோயே இல்லாத இடத்தில் அது கரையக் கூடாது. எனவே உதவி கோரி வரும் பெற்றோர், எக்ஸ்ரே படம், அறிக்கை, மருத்துவரின் கடிதம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்களைச் சோதிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. இரண்டாவது கருத்து தேவைப்படும் இடத்தில், அரசு மருத்துவமனைக்கு உங்களுடன் ஒருவரைத் துணைக்கு அனுப்ப அது நமக்கு உதவும். குறிப்பாக, கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் தாய்மார்கள் தயங்காமல் நிர்வாகத்தை அணுகலாம்.

நம் குழந்தைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண நலத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.